விருந்தாளிக்குச் சோயா மீட்டா?

மலையகத்துச் சுற்றுலா ஊரான எல்லவில் நான்கு அறைகள் கொண்ட சிறு விடுதி நடத்தும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: “வெளிநாட்டு விருந்தினர் பலர் ‘வீகன் இறைச்சி’ கிடைக்குமா என்று கேட்கிறார்கள். சோயா மீட் கறியைப் ‘பிளான்ட் பேஸ்ட் மீட்’ என்ற பெயரில் மெனுவில் சேர்க்க நினைத்தேன். அம்மா கோபித்துக்கொண்டார். ‘வீட்டுக்கு வந்தவர்களுக்குச் சோயா மீட்டையா வைப்பாய்? அதையும் பெயர் மாற்றிக் காசுக்கு விற்பாயா?’ என்றார். சோயா மீட்டும் வெளிநாட்டார் சொல்லும் தாவர இறைச்சியும் ஒன்றுதானா? உடம்புக்கு நல்லதா? மெனுவில் ஓர்கனிக், நெச்சுரல் என்றெல்லாம் எழுதினால் ஆள் வரும் என்கிறார்கள். எழுதலாமா?”

தங்கச்சி, சோயா மீட்டைத் தயங்காமல் பரிமாறுங்கள். பெயரை மட்டும் மாற்றாதீர்கள். என் பதில் இவ்வளவுதான். ஆனால் உங்கள் அம்மாவின் கோபத்தைத் தாண்டிக்கொண்டு போய் அந்தப் பதிலுக்குக் காரணம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதலில் அவரைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். பேராதனையில் உணவு விஞ்ஞானம் படித்து, பிறகு 16 ஆண்டுகள் ஒரு உணவுத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இறைச்சி எப்போது வரும் என்பதைப் பிள்ளைகள் விரல்விட்டுச் சொல்லிவிடுவோம். தீபாவளி முற்பணம் கைக்கு வந்தால் ஆட்டிறைச்சி. கோயில் திருவிழா முடிந்து காப்புக் கழற்றிய மறுநாள் கோழி. சம்பள வாரத்தில் சில வேளை மீன். மற்ற நாட்களில் ரொட்டியும் சம்பலும், பருப்பு, கீரை, நெத்தலி. மாதக் கடைசியில் நெத்தலி டப்பாவும் காலியாகிவிட்டால் அப்பா கடைக்கு ஆளனுப்பிச் சோயா மீட் வாங்கிவரச் சொல்வார். அதுவும் கடன் கொப்பியில் ஏறும்.

லயத்தில் ஒரு வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பது மற்ற எல்லா வீட்டுக்கும் தெரியும். கோழி கொதித்தால் ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டுக்குப் போகும். சோயா மீட் கொதித்தால் எந்தக் கிண்ணமும் நகராது. சொந்தக்காரர் திடீரென்று வந்து நின்றால், அடுப்பில் இருந்த சோயா மீட் சட்டியை மூடி வைத்துவிட்டு, லயத்தின் கடைசி வீடான தொங்கவீட்டில் இரண்டு முட்டை கைமாற்று வாங்கிப் பொரித்துக் கொடுத்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். உங்கள் அம்மாவுக்கும் அப்படியொரு நாள் நினைவில் இருக்கும். அவருக்குச் சோயா மீட் இல்லாமையின் வாசனை. விருந்தாளியின் முன்னால் அதை வைப்பது வீட்டு வறுமையைக் கொண்டுபோய் மேசையில் வைப்பது போலத்தான் அவருக்குப் படும்.

உங்கள் விருந்தினர் கதை வேறு. அவருடைய ஊரில் இறைச்சி மலிவு. மூன்று வேளையும் கிடைக்கும். மிருகங்கள் மீது இரக்கம், காலநிலை பற்றிய கவலை, உடல்நலம் என்று ஏதோ ஒரு காரணத்தால் அவர் அதை விட்டிருக்கிறார். கிடைக்காமல் சாப்பிடாதிருப்பதும் கிடைத்தும் சாப்பிடாதிருப்பதும் ஒரே தட்டில் ஒரே மாதிரித் தெரியும். நமது வீடுகளிலும் இரண்டாவது வகை உண்டு. வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டியும் ஐயப்பன் மாலையும் நமக்குப் பழக்கம்தானே. விரதத்துக்காக மரக்கறி சமைக்கும் நாளில் உங்கள் அம்மா வெட்கப்பட்டிருக்க மாட்டார். அன்று அவர் கை மணக்க மணக்கச் சமைத்திருப்பார். இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். எல்லவுக்கு வருகிறவர்கள் ஏதோ ஒரு வகையில் மாலை போட்டவர்கள் என்று சொன்னால் அவருக்கு உடனே விளங்கும்.

இனிச் சோயா மீட் என்பது என்ன என்று பார்ப்போம். சோயா அவரையிலிருந்து எண்ணெயை எடுத்த பின் மிஞ்சும் கொழுப்பகற்றிய மாவுதான் மூலப்பொருள். அதைச் சிறிது நீரோடு பிசைந்து, உள்ளே திருகாணி சுழலும் நீண்ட இரும்புக் குழாய்க்குள் செலுத்துவார்கள். அங்கே 140 பாகை செல்சியசையும் தாண்டிய வெப்பம், கடும் அழுத்தம். மாவிலுள்ள புரதம் உருகி, ஓடும் திசையில் இழையிழையாக அடுக்கிக்கொள்ளும். குழாயின் முனையிலுள்ள சிறு துவாரத்தால் வெளியே வரும் கணத்தில் அழுத்தம் சட்டென்று விடுபட, உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பாய்ந்து, துண்டு பொரி போல ஊதிக்கொள்ளும். வெட்டி உலர்த்தினால் நாம் வாங்கும் சோயா மீட். வாயில் மெல்லும்போது இறைச்சி போல நார்நாராகப் பிரிவது இதனால்தான். அமெரிக்காவில் 1960களில் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் நிறுவனம் உருவாக்கிப் பரப்பிய முறை இது.

பிண்ணாக்குத்தானே, மாட்டுக்குப் போடுவதுதானே என்று பலர் முகம் சுளிப்பதை ஆய்வுகூடத்தில் இருந்த காலம் முழுவதும் கேட்டிருக்கிறேன். எண்ணெய் எடுத்த மிச்சம் என்பது உண்மை. உலகில் விளையும் சோயாவில் முக்கால்வாசி கால்நடைத் தீவனமாகத்தான் போகிறது என்பதும் உண்மை. அந்தத் தீவனத்தைத் தின்ற கோழியை நாம் விருந்து என்கிறோம். அதே புரதம் கோழியின் வயிற்றுக்குள் போகாமல் நேரே நம்மிடம் வந்தால் அதில் இழிவு எதுவும் இல்லை. உங்கள் அம்மா உங்களைச் சுமந்திருந்தபோது கிளினிக்கில் திரிபோஷ என்ற சத்துமா வாங்கியிருப்பார். 1973இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் மாவில் சோளத்தோடு சேர்ந்திருப்பது சோயாதான். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அதாவது தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடும் இடத்தில், வளர்ந்த தலைமுறைக்குச் சோயா ஒன்றும் அந்நியமானதல்ல. கண்டிக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தார் பல பத்தாண்டுகளாகச் சோயா உணவுகளை ஆராய்ந்து வந்திருக்கிறார்கள்.

வெளிநாட்டுத் தாவர இறைச்சியும் இதே குடும்பத்துப் பிள்ளை. முறை சற்று முன்னேறியிருக்கிறது. ஈரத்தைக் கூடுதலாக வைத்து, குழாயின் முனையில் ஊத விடாமல் குளிரவைத்து எடுக்கிறார்கள். அதனால் துண்டு உலராமல் இறைச்சி போலவே ஈரப்பதத்தோடு வரும். பியோண்ட் மீட் நிறுவனம் சோயாவுக்குப் பதில் பட்டாணிப் புரதத்தைப் பயன்படுத்துகிறது. சிவப்பு நிறத்துக்குப் பீட்ரூட். இம்பொசிபிள் ஃபூட்ஸ் நிறுவனம் 2016இல் வெளியிட்ட பர்கரில் இரத்தச் சுவை தருவது ‘ஹீம்’ என்ற பொருள். சோயாச் செடியின் வேர் முடிச்சுகளில் இயல்பாக உள்ள ஒரு புரதத்திலிருந்து வருவது. அதை ஈஸ்ட்டைக் கொண்டு பெருக்கி எடுக்கிறார்கள். இறைச்சியின் கொழுப்பு போல நாவில் உருக இந்தப் பர்கர்களில் சேர்த்தது தேங்காய் எண்ணெய். நம் வீட்டுக் குசினியில் என்றைக்கும் சோயா மீட்டோடு தேங்காய்ப்பால் சேர்ந்துதானே கொதித்தது? அந்தச் சேர்க்கையின் சூட்சுமம் நம் அம்மாமாருக்குத் தெரிந்திருந்தது.

ஆய்வுகூடத்தில் வளர்க்கும் இறைச்சி இதிலிருந்து முற்றிலும் வேறு. அது உண்மையான மிருக உயிரணுக்களை வளர்த்து எடுப்பது. 2013 ஓகஸ்டில் லண்டனில் மார்க் போஸ்ட் என்ற நெதர்லாந்து விஞ்ஞானி அப்படி ஆக்கிய முதல் பர்கரை உலகுக்குக் காட்டினார். அந்த ஒரு பர்கருக்கான செலவு 2,50,000 யூரோ. 2020 டிசம்பரில் சிங்கப்பூர் முதன்முதலாக அதன் விற்பனைக்கு அனுமதி கொடுத்தது. இத்தாலி 2023இல் தடைச்சட்டம் கொண்டுவந்தது. உங்கள் விடுதிக்கு இதனால் ஆவது ஒன்றுமில்லை. யாரேனும் குழப்பிக்கொண்டு கேட்டால் வேறுபாடு தெரிந்திருக்கட்டும்.

வெளிநாட்டில் இந்த உணவுக்கு எழுந்த ஆரவாரமும் பின்னர் வந்த சோர்வும் உங்களுக்கு உதவும் பாடம். பியோண்ட் மீட் பங்குகள் 2019 மே மாதம் 25 டொலருக்குச் சந்தைக்கு வந்தன. முதல் நாளே இரண்டரை மடங்குக்கு மேல் ஏறின. ஜூலையில் 230 டொலரையும் தாண்டின. பிறகு ஆண்டுக்கு ஆண்டு இறங்கி, மிகச் சொற்ப விலைக்கு வந்துவிட்டன. மக்கள் ஒருமுறை ஆவலோடு வாங்கினார்கள், மறுமுறை வாங்கவில்லை. விலை இறைச்சியை விட அதிகம். சுவை ஏறக்குறைய இறைச்சி, ஆனால் இறைச்சி இல்லை. பக்கெற்றின் பின்புறம் நீண்ட பட்டியல். “உலகைக் காக்கும் உணவு” என்று முன்பக்கத்தில் எழுதிய வார்த்தைக்குப் பின்பக்கத்துப் பட்டியல் ஈடுகொடுக்கவில்லை என்று அவர்களுக்குத் தோன்றியது. அதே ஆண்டுகளில் நமது தோட்டக் கடைகளில் சோயா மீட் விளம்பர ஆரவாரம் எதுவுமின்றி விற்றுக்கொண்டே இருந்தது. 2022இல் பொருளாதாரம் சரிந்து, செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டபோது, சோயா மீட்டை மறந்திருந்த என் உறவினர் வீடுகளிலும் அந்தச் சட்டி மீண்டும் அடுப்பேறியது. உலகைக் காக்க யாரும் அதை வாங்கவில்லை. பிள்ளைகளின் தட்டைக் காக்க வாங்கினார்கள்.

உடம்புக்கு நல்லதா என்று கேட்டீர்கள். உலர்ந்த சோயா மீட்டில் ஏறக்குறைய பாதி புரதம். ஊறியதும் அது தன் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு நீரைக் குடித்துவிடும்; ஆகவே கறியிலுள்ள துண்டில் நூற்றுக்கு பதினைந்து பங்கு அளவில்தான் புரதம் இருக்கும். ஓர் ஆளுக்கு 25 கிராம் உலர்ந்த சோயா மீட் போட்டால் இரண்டு முட்டையின் புரதம் கிடைக்கும். தாவரப் புரதங்களில் சோயாவின் தரம் உயர்ந்தது. நம் உடம்புக்கு வெளியிலிருந்து வரவேண்டிய அமினோ அமிலங்கள் எல்லாம் அதில் உண்டு. பெருந்தோட்டங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 32 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பதாக 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு சொன்னது. நாடு முழுவதற்குமான அளவு நூற்றுக்கு 17. இப்படிப்பட்ட ஓர் இடத்தில், மலிவாகக் கிடைக்கும் நல்ல புரதத்தைக் கேவலமாகப் பார்க்கப் பழக்கியது யார் என்ற கோபம் எனக்கு நெடுநாளாக உண்டு. ஏழைகள் சாப்பிடுவதாலேயே ஓர் உணவு தாழ்ந்துவிடுகிறது. அதே உணவு விலையேறிய பெயரோடு கப்பலில் திரும்பி வந்தால் உயர்ந்துவிடுகிறது.

குறைகளையும் சொல்லவேண்டும். பி12 என்ற விற்றமின் தாவர உணவில் இல்லை. தயாரிப்பாளர் சேர்த்திருந்தால் மட்டுமே சோயா மீட்டில் இருக்கும். இரும்புச் சத்து இருக்கிறது, ஆனால் உடம்பு அதை இறைச்சியின் இரும்பைப் போல எளிதில் ஏற்பதில்லை. தேசிக்காய்ச் சாறு கொஞ்சம் சேர்ந்தால் கூடுதலாக ஏறும். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடித்தால் ஏறுவதும் குறைந்துவிடும், ஏனென்றால் தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. சோற்றோடு தேநீர் என்பது நமது பழக்கம். இரத்தச்சோகையுள்ள பெண்கள் அதை ஒரு மணித்தியாலம் தள்ளிவைத்தாலே பயன் உண்டு. மலையில் கொழுந்தெடுக்கும் அக்காமாரிடம் நான் அதிகம் சொல்லும் அறிவுரை இதுதான். சோயா மீட்டைப் பற்றிக் கேட்டாலும் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

அடுத்தது அந்தச் சிறிய சுவைத்தூள் பக்கெற். சோயா மீட்டில் கவனிக்க வேண்டிய பொருள் அதற்குள்தான் இருக்கிறது: உப்பு. அஜினோமோட்டோ பற்றித்தான் மக்கள் பயப்படுகிறார்கள். 1908இல் ஜப்பானிய விஞ்ஞானி கிகுனே இகெடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்த அந்தச் சுவைப்பொருளில் உள்ள சோடியம், சாதாரண உப்பில் உள்ளதன் மூன்றிலொரு பங்குதான். அளவோடு சேர்த்தால் அஞ்ச வேண்டியதில்லை. உப்பு அப்படியல்ல, உயர் இரத்த அழுத்தத்துக்கு அது நேர்வழி. உங்கள் சமையலறையில் சுவைத்தூளை எறிந்துவிட்டு நீங்களே மசாலா வறுத்துப் போடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆண்கள் சோயா சாப்பிட்டால் ஆண்மை குறையும் என்ற பேச்சையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். சோயாவில் ஈஸ்ட்ரோஜனைப் போலத் தோற்றமுள்ள தாவரப் பொருட்கள் இருப்பதால் எழுந்த வதந்தி அது. பல பரிசோதனைகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த ஆய்வுகள் 2010இலும் 2021இலும் வெளிவந்தன. ஆண்களின் டெஸ்டஸ்டரோன் அளவில் சோயா மாற்றம் எதையும் செய்யவில்லை என்றே இரண்டும் கண்டன. கொத்துக் கடைப் பேச்சில் இது எடுபடாமல் போகலாம். ஆனால் சாப்பாட்டு மேசையில் ஒரு தகப்பன் தன் தட்டிலிருந்து எடுத்து மகளின் தட்டில் தள்ளிவிடுவதற்கு இந்த வதந்தி காரணமாகக் கூடாது.

அளவுக்கு மீறிப் பதப்படுத்திய உணவு என்பது இப்போது புதிதாக வந்திருக்கும் அச்சச் சொல். பிரேசிலின் சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மொன்டெய்ரோ குழுவினர் 2009இல் முன்வைத்த வகைப்பாட்டிலிருந்து வந்தது. பிஸ்கட், மென்பானம், நூடில்ஸ் ஆகியவற்றோடு தாவர இறைச்சியும் அந்தக் கூடைக்குள் விழுகிறது. அந்த வகைப்பாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் பெட்டியின் பெயரைக் கண்டு எல்லாவற்றையும் ஒரே விதமாக எடைபோடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தார் 2020இல் 36 பேருக்கு எட்டு வாரம் இறைச்சியும் எட்டு வாரம் தாவர இறைச்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். தாவர இறைச்சி தின்ற காலத்தில் கெட்ட கொலஸ்ட்ரோல் சற்றுக் குறைந்தது. அந்த ஆய்வுக்குப் பணம் தந்தது பியோண்ட் மீட் நிறுவனம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். சொசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வரிசையில் 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வைத்தது. ஆகவே உங்கள் விருந்தினரின் காலைத் தட்டில் சொசேஜுக்குப் பதிலாக என்ன வைப்பது என்று கேட்டால், கடலை என்பேன். அவித்துத் தாளித்த கடலை, தேங்காய்ச் சொட்டோடு. அதற்கு எந்த அடைமொழியும் வேண்டாம்.

இப்போது பெயருக்கு வருகிறேன். தாவரப் பொருளுக்கு இறைச்சி, பால் என்று பெயரிடலாமா என்பது ஐரோப்பாவில் நீதிமன்றம் வரை போன வழக்கு. 2017இல் டோஃபுடவுன் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் வழக்கில், சோயாவிலிருந்து ஆக்கியதைப் பால், வெண்ணெய், சீஸ் என்று விற்கக்கூடாது என ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சட்டத்துக்கு ஒரு விதிவிலக்குப் பட்டியல் உண்டு. அதில் தேங்காய்ப்பால் இருக்கிறது. நெடுங்காலமாக அந்தப் பெயரால் வழங்கி வருகிறது, யாரும் ஏமாறுவதில்லை என்பதுதான் காரணம். எனக்கு இந்தக் காரணம் மிகவும் பிடிக்கும். ‘சோயா மீட்’ என்ற பெயரும் இலங்கையில் அப்படியே. அதைக் கேட்டு ஆட்டிறைச்சி என்று நினைத்தவர் நம்மில் ஒருவரும் இல்லை. ‘பிளான்ட் பேஸ்ட் மீட்’ என்று நீங்கள் எழுதினால், உங்கள் விருந்தினர் தன் ஊரின் விலையுயர்ந்த பர்கரை மனதில் வைத்துக்கொண்டு சட்டியைத் திறப்பார். அது கிடைக்காது. நல்ல சமையல் ஒன்று ஏமாற்றமாக மாறிவிடும். அதனால்தான் பெயரை மாற்றாதீர்கள் என்றேன்.

சொற்களைப் பற்றி என் வேலைக்காலத்து அனுபவம் ஒன்று. எங்கள் தொழிற்சாலையில் தாவர எண்ணெய் கலந்த ஒரு பொருளின் உறையில் ‘கொலஸ்ட்ரோல் அற்றது’ என்று பெரிய எழுத்தில் போட முடிவெடுத்தார்கள். தாவரத்தில் கொலஸ்ட்ரோல் ஒருபோதும் இருக்காது, இல்லாத ஒன்றை நீக்கியது போலச் சொல்கிறோம் என்று கூட்டத்தில் சொன்னேன். “பொய் ஒன்றும் இல்லையே” என்றார்கள். பொய் இல்லைதான். ஆனால் அந்தப் பொருளில் நிறைந்த நிறைவுற்ற கொழுப்பு, சாப்பிடுகிறவரின் உடம்பிலேயே கொலஸ்ட்ரோலைக் கூட்டும். இருதய நோயாளி ஒருவர் அந்த உறையை நம்பி வாங்கியிருப்பார். இன்றைக்கும் அந்த எழுத்துகளைக் கடையில் காணும்போது எனக்கு நெஞ்சு குறுகுறுக்கிறது.

‘ஹோர்மோன் அற்ற கோழி’யும் இதே சாதி. புரொய்லர் கோழி ஆறு வாரத்தில் வளர்வதைக் கண்டு ஊசி போடுகிறார்கள் என்று மக்கள் நம்புகிறார்கள். வளர்ச்சிக்குக் காரணம் தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்த இனவிருத்தி. கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தார் 1957ஆம் ஆண்டு இனத்தையும் 2005ஆம் ஆண்டு இனத்தையும் ஒரே தீவனத்தில் 56 நாள் வளர்த்தபோது, முன்னது 900 கிராமும் பின்னது 4.2 கிலோவும் நிறுத்தன. போடாத ஊசியைப் போடவில்லை என்று எழுதிக் கூடுதல் விலை வாங்குவது சரியான வணிகமல்ல. நல்ல பக்கமும் உண்டு: 2016இலிருந்து மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கேற்பச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை வட்டங்கள் போடவேண்டும் என்று நமது நாட்டில் சட்டம் இருக்கிறது. 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு. எழுத்து வாசிக்கத் தெரியாத என் பெரியம்மா அந்த வட்டத்தைப் பார்த்துத்தான் பேரனுக்குப் பானம் வாங்குகிறார். பெரிய எழுத்து விளம்பரங்கள் எல்லாவற்றையும் விட அந்தச் சின்ன வட்டம் அவருக்கு உதவியிருக்கிறது.

‘ஓர்கனிக்’ என்ற சொல்லை மட்டும் மலையகத்துப் பெண்ணாகிய நீங்கள் இலேசாக எழுதிவிடாதீர்கள். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். நாடு முழுவதும் சேதனப் பசளைக்கு மாறும் என்றார்கள். கேட்க அழகான சொல். ஒரு செடி நைதரசன் இல்லாமல் துளிர்க்காது, அவ்வளவு நைதரசனைத் தரக்கூடிய சேதனப் பசளை அந்த அளவில் நாட்டில் இல்லை என்று மண் தெரிந்தவர்கள் சொன்னது எடுபடவில்லை. நவம்பரில் தடையை எடுத்துவிட்டார்கள்; தேயிலைச் செடி அவ்வளவு விரைவாகத் திரும்பவில்லை. 2021இல் 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 251 மில்லியனுக்கு இறங்கியது. எரிபொருள் தட்டுப்பாடும் மற்ற நெருக்கடிகளும் சேர்ந்துகொண்டன என்பது உண்மை. ஆனால் கொழுந்து குறைந்த மலையில் நாளெல்லாம் நின்றும் நிறுவை காணாமல் அரைப்பேரோடு, அதாவது அரைநாள் சம்பளத்தோடு, வீடு திரும்பிய பெண்களுக்கு அந்தச் சொல்லின் விலை நன்றாகத் தெரியும். 1,000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்த அதே ஆண்டு அது. உண்மையான சேதன விவசாயத்தை நான் மதிக்கிறேன். ஊவாவில் பல ஆண்டு பொறுமையாக மண்ணைத் தயார்செய்து, சான்றிதழ் பெற்று, நல்ல தேயிலை தருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பட்ட பாட்டுக்கு உரிய சொல்லை, பண்டாரவளைச் சந்தையில் வாங்கிய போஞ்சிக்கும் லீக்சுக்கும் போட்டுவிடக் கூடாது. யாரிடம் வாங்கினீர்களோ அந்தத் தோட்டத்தின் பெயரை, ஊரின் பெயரை எழுதுங்கள். ‘நெச்சுரல்’ என்பதை விட்டுவிடுங்கள். எதற்கும் பொருந்தும் சொல் எதையும் சொல்லாது.

பலாவை மறந்துவிடாதீர்கள். பிஞ்சுப் பலா, அதாவது பொலோஸ், இன்று உப்புநீரில் அடைத்து டின்னில் ஐரோப்பாவுக்குப் போய், அங்கே பன்றி இறைச்சிக்கு மாற்று என்று விற்பனையாகிறது. சிங்கள மக்கள் பலாவைச் சோற்று மரம் என்று சொல்வார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடெங்கும் பலாக்கன்று நடும் இயக்கம் நடத்திய ஆர்தர் வி. டயஸை ‘கொஸ் மாமா’ என்றே அழைத்தார்கள். பஞ்ச காலங்களில் பசியாற்றிய மரம் அது. கோரக்காயும் கறுவாவும் போட்டு மண்சட்டியில் மெதுவாக வேகவைத்தால் நார்நாராகப் பிரிந்து கருஞ்சிவப்பாக நிற்கும். உங்கள் விருந்தினர் ஊருக்குப் போயும் நினைத்திருப்பார். ஒன்றை மட்டும் அறிந்திருங்கள்: பிஞ்சுப் பலாவில் புரதம் நூற்றுக்கு இரண்டு பங்குதான். தோற்றம் இறைச்சி, சத்து மரக்கறி. அதனால் பொலோஸ் வைக்கும் நாளில் பக்கத்தில் பருப்போ கடலையோ கட்டாயம் இருக்கட்டும். பாறையேறிக் களைத்து வருகிறவர்கள் அவர்கள்.

சோயா மீட்டைக் கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, இறுகப் பிழிந்து, மீண்டும் புது நீரில் அலசிப் பிழியுங்கள். அந்தப் பச்சை அவரை வாடை இதில்தான் போகும். பலர் இந்த ஒரு வேலையைச் செய்யாமல்தான் சோயா மீட்டுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு மஞ்சளும் உப்பும் பிரட்டி, எண்ணெயில் ஓரம் முறுகும்வரை வதக்கி, வெங்காயம், கறிவேப்பிலை, ரம்பை, வறுத்த மிளகாய்த்தூள் சேர்த்து, இரண்டாம் பாலில் வேகவிட்டு, தலைப்பால் விட்டு இறக்குங்கள். தேசிக்காய் கடைசியில்.

மெனுவில் இப்படி எழுதலாம்: “சோயா மீட் கறி. தேங்காய்ப்பாலில் சமைத்தது. மலைநாட்டு வீடுகளில் பல பத்தாண்டுகளாகச் சமைப்பது. இறைச்சி, மீன், முட்டை, பால் சேரவில்லை.” இதை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதுங்கள். அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் சமைத்துவந்த கறிக்கு மரியாதை இருக்கிறதா என்று அவரே சொல்லட்டும்.

அந்தக் கடைசி வரியைக் காப்பாற்றுவது எளிதல்ல. ‘வீகன்’ என்பது 1944இல் இங்கிலாந்தில் உருவாக்கிய சொல். பால், தயிர், நெய், தேன் எதுவும் அவர்களுக்கு ஆகாது. கோழிச் சுவை, இறால் சுவை என்று வரும் சோயா மீட்டின் சுவைத்தூளில் பால்மாவோ மீன் தூளோ இருக்கிறதா என்று பொருட்பட்டியலை வாசிக்கவேண்டும். தூளையே சேர்க்காவிட்டால் கவலை குறைவு. சில வகைகளில் கோதுமை கலந்திருக்கும், ஆகவே குளூட்டன் ஒவ்வாதவருக்கு வாசிக்காமல் கொடுக்காதீர்கள். சோயாவே ஒவ்வாத ஆட்களும் உண்டு, கேட்டுவிட்டு வையுங்கள். வட்டலப்பத்தில் முட்டை இருப்பதைச் சொல்லுங்கள்; தயிருக்குப் பதில் பழத்தோடு கித்துள் பாணி கொடுக்கலாம். எல்லாவற்றையும் விட ஆபத்து மாசிக் கருவாடு. நமக்கு அது மீன் என்ற நினைவே வராது. சம்பலில் போடுவோம், பருப்பில் ஒரு துண்டு போடுவோம், போஞ்சிப் பிரட்டலில் தூவுவோம், பிறகு மரக்கறிச் சாப்பாடு என்று சொல்வோம். நீங்கள் இடிக்கிற உரலிலேயே அது ஊறியிருக்கும். மாசி சேராத சம்பலுக்கு வேறு உரலும் வேறு கரண்டியும் இன்றே வாங்கிவிடுங்கள்.